சாவியோடு ஒரு சிட்டையும் கொடுங்கள்: டெல்டாவின் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் ஊர்களில் வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்து தரும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

மாசி மகம் முடிந்த கையோடு மகாமகக் குளத்தைச் சுற்றி உங்கள் போஸ்டர்கள் வந்துவிட்டன. லங்காவி, புக்கெட், பாலி, மொரீஷியஸ் என்று எங்கே பார்த்தாலும் நீலக் கடல். கோடை விடுமுறைக்கு இப்போதே முன்பணம் கட்டச் சொல்கிறீர்கள். விமான டிக்கெட், ஹோட்டல், காலைச் சாப்பாடு எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: ‘அங்கே நீங்களே ஓட்டிக்கொள்ள கார் வசதி உண்டு.’ அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. நான் பொறுப்பெடுத்து 22 வருஷம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம், கருமாதி என்று எதுவாக இருந்தாலும் அண்டாவும் தவலையும் சாம்பார் வாளியும் எங்கள் கடையிலிருந்து போய்த் திரும்பும். ஒரு பொருளை வாடகைக்கு விடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பெரிய அண்டா வெளியே போகிறது என்றால் முதலில் அதைக் கவிழ்த்துப் போடுவோம். வாங்க வந்தவரைப் பக்கத்தில் கூப்பிட்டு அடியில் இருக்கும் ஒடுக்கைக் காட்டுவோம். பிறகு சிட்டையில் எழுதுவோம்: ‘அண்டா பெரியது 2, ஒன்றில் அடிப்பக்கம் ஒடுக்கு. தவலை 3, ஒன்றில் கழுத்தில் பற்றவைத்தது. ஜல்லிக்கரண்டி 4. சாம்பார் வாளி 10, ஒன்றுக்குக் கைப்பிடி ஆட்டம்.’ இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி. கல்யாணம் முடிந்து பாத்திரம் திரும்பும்போது அதே சிட்டையை வைத்துத்தான் எண்ணுவோம். புதிதாக ஒடுக்கு விழுந்திருந்தால் காசு வாங்குவோம். பழைய ஒடுக்கு என்றால் ஒரு பைசா கேட்க மாட்டோம். 22 வருஷத்தில் சண்டையே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். வந்த சண்டையெல்லாம் சிட்டையைப் பிரித்ததும் தீர்ந்திருக்கிறது.

கடந்த மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, எங்கள் தொழிலுக்கு ஓய்வு. பிள்ளைகளுக்கும் அரையாண்டு விடுமுறை. என் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், நான் என்று ஆறு பேர் மலேசியாவின் லங்காவித் தீவுக்குக் கிளம்பினோம். பக்கத்து ஊரில் உள்ள ஒரு டிராவல்ஸில் பேக்கேஜ் எடுத்தோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் செய்த தவறாக இதை நான் நினைக்கவில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து லங்காவி. இந்தியர்கள் மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் போகலாம் என்பதால் அலைச்சல் இல்லை. டிஜிட்டல் வருகை அட்டையைக்கூட அவரே நிரப்பிக் கொடுத்தார். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரைப் பற்றிக் கேட்டபோது மட்டும், “நம்ம லைசென்ஸே போதும் சார், அங்க யாரும் கேக்க மாட்டாங்க. ஏர்போர்ட்ல ஆள் சாவியோட நிப்பார்” என்றார்.

சொன்னபடியே ஆள் சாவியோடு நின்றார். இருபத்தைந்து வயதுக்குள் ஒரு மலாய் இளைஞர். மாலை மங்கிக்கொண்டிருந்தது, தூறல் வேறு. சின்னவள் தூக்கத்துக்கு அழுதாள், மாமியாருக்குக் கால் வீங்கியிருந்தது. ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி, கழுவி ஈரமாக நின்றது. மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த தாளை பானெட் மேல் வைத்து, “இங்க, இங்க” என்று விரலால் காட்டினார். நான் கையெழுத்துப் போடும்போது தாளில் மழைத்துளி விழுந்து மை கலைந்தது, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. டெபாசிட் 300 ரிங்கிட் (மலேசியப் பணம்) கொடுத்தேன். பாஸ்போர்ட்டையும் கேட்டார். ஹோட்டலில் கேட்பது போல நகல் எடுக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். “வண்டி திரும்பக் கொடுக்கும்போது” என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார். வண்டியைச் சுற்றி நான் ஒரு முறைகூட நடக்கவில்லை.

அந்த மூன்று நாளும் சொந்தமாக வண்டி இருந்தது எவ்வளவு நல்லது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இது ஒருதலைப்பட்சமாகிவிடும். லங்காவியில் பேருந்தை நம்பிக் கிளம்ப முடியாது. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற நாடு, சாலையும் நல்ல சாலை. பந்தாய் செனாங் கடற்கரைக்குப் பக்கத்திலேயே வயல். என் மாமனாருக்கு நன்னிலம் பக்கம் ஒன்றரை வேலி நிலம். கடலைப் பார்க்க வந்த மனிதர் “மாப்ளே, வண்டிய நிறுத்துங்க” என்று இறங்கி வரப்பில் போய் நின்றுவிட்டார். ஒரு எருமை, அதன் முதுகில் கொக்கு. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்து, “நம்ம ஊர்ல இப்பத்தான் சம்பா கதிர் வந்திருக்கும், இங்க அறுப்புக்கே வந்துட்டு” என்றார். கெடா மாநிலத்தை மலேசியாவின் நெற்களஞ்சியம் என்பார்கள், லங்காவியும் அந்த மாநிலம்தான். நம்மைச் சொல்லும் அதே வார்த்தை. டூர் பஸ்ஸில் போயிருந்தால் அந்த இருபது நிமிஷம் அவருக்குக் கிடைத்திருக்காது. அதனால் கார் வாடகைக்கு எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எடுங்கள், எடுத்துக் கொடுங்கள். சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாம் நாள் குனுங் ராயா மலைக்குப் போனோம். 881 மீட்டர் உயரம், உச்சி வரை வண்டி போகும். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை நமக்கு மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். நான் அதுவரை ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டியதில்லை. ஏறும்போது தெரியவில்லை. இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. இறக்கத்தில் கியரைக் கீழே மாற்றி எஞ்சினின் பிடியில் இறங்க வேண்டும், பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வளைவில் ஈரமான இலை மேல் வண்டி வழுக்கி நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரில் பைக்கில் ஒரு பையன். அவன் ஓரம் ஒதுங்கிப் போய்விட்டான். அரை ஆள் அகலம் இடைவெளி இருந்திருக்கும். சின்னவள் பாட்டி மடியில் உட்கார்ந்திருந்தாள். மலேசியாவில் பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம் என்பது 2009 முதல் சட்டம். சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020 முதல் சட்டம். இரண்டும் எனக்குத் தெரியாது. நான் தேடிப் படித்திருக்க வேண்டும், அது என் தவறு. ஆனால் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது என்று டிக்கெட் எடுத்த உங்களுக்குத் தெரியும்.

திருப்பிக் கொடுக்கும் நாள். காலை எட்டரைக்கு விமான நிலையம் போனோம், பத்தே முக்காலுக்கு விமானம். அதே இளைஞர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், பிறகு முன்பக்கம் மண்டியிட்டு, போன் விளக்கைப் பம்பருக்கு அடியில் அடித்தார். மூன்று கோடாகக் கீறல், ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. “பாஸ், இது புதுசு” என்றார். பம்பருக்கும் பெயின்டுக்கும் 1,200 ரிங்கிட். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நான்கு நாள் வாடகை, நாளுக்கு 150 வீதம் 600. ஆக மொத்தம் 1,800. நம் பணத்தில் 40,000 ரூபாய்க்குக் கிட்ட. டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு 1,500 ரிங்கிட் கையில் கேட்டார். என் பாஸ்போர்ட் அவரிடம்.

அந்தக் கீறல் நான் போட்டதா, எனக்கு முன்னால் எடுத்தவர் போட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். கடற்கரைக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது ஒரு சிமென்ட் திண்டில் உரசியது போல இருந்தது. இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, குனிந்து அடியில் பார்க்கவில்லை. அந்தப் பையன் பொய் சொன்னார் என்று என்னால் சொல்ல முடியாது. உண்மை சொன்னார் என்றும் சொல்ல முடியாது. எடுக்கும்போது எப்படி இருந்தது என்று எழுதி வைத்த தாளே எங்கள் நடுவில் இல்லை.

எனக்கு பேக்கேஜ் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் போட்டேன். இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்து, “நான் அங்க பேசிட்டுக் கூப்பிடறேன் சார்” என்றார், கூப்பிடவில்லை. ஏ.டி.எம்.முக்கு ஓடினேன். என் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்படவில்லை. நாமாகக் கேட்டுத் திறந்தால்தான் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யும் என்பது 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. திறக்க ஓ.டி.பி. வர வேண்டும், என் சிம்மில் ரோமிங் இல்லை. கடைசியில் மாமனார்தான் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். பேரன் பேத்திக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஏதாவது வாங்கலாம் என்று மாற்றி வைத்திருந்த ரிங்கிட். எண்ணி என் கையில் வைத்துவிட்டு, “மொதல்ல பாஸ்போர்ட்ட வாங்குங்க மாப்ளே” என்றார். விமானத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

கோலாலம்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது ஈப்போவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா மகனிடம் பேசினேன். அங்கே காரைக் ‘காடி’ என்பார்கள். “மாமா, காடி எடுக்கறப்ப வீடியோ எடுக்கலையா? பாஸ்போர்ட்ட ஏன் குடுத்தீங்க? அனைத்துலக லைசென்ஸ் இருந்துச்சா?” என்று வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “காசோட போச்சுன்னு நெனச்சுக்குங்க மாமா. யார் மேலயாவது அடிச்சிருந்தா?” என்றான். எனக்கு அந்த மலை வளைவில் ஒதுங்கிய பைக் பையன்தான் கண்ணுக்கு முன்னால் வந்தான்.

ஊருக்கு வந்த பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தேன். அக்கா மகன் கேட்ட அனைத்துலக லைசென்ஸ் என்பது சர்வதேச ஓட்டுநர் அனுமதி. அதற்குப் படிவம் 4ஏ. கட்டணம் 1,000 ரூபாய். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி நம் நாடு தருகிற சின்னப் புத்தகம் அது. நம் உரிமத்துக்கு அது மாற்று இல்லை, இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். எங்கள் ஆறு பேர் பயணத்துக்கு ஆன செலவில் அந்த 1,000 ரூபாய் ஒரு கணக்கே இல்லை. ‘யாரும் கேக்க மாட்டாங்க’ என்பது பாதி உண்மை. வண்டி கொடுப்பவர் கேட்காமல் இருக்கலாம். விபத்து என்று வந்தால் கேட்பது போலீஸும் இன்சூரன்ஸ்காரரும். உரிமத்தில் குறை இருந்தால் இன்சூரன்ஸ் கோரிக்கையைத் தள்ளிவிட அவர்களுக்கு அந்த ஒரு காரணம் போதும். அப்புறம் ஆஸ்பத்திரிச் செலவு, அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு, வழக்கு எல்லாம் வெளிநாட்டில் நம் தலையில். மன்னித்துக்கொள்ளுங்கள், இதைத் தெரிந்துகொண்டே ‘போதும் சார்’ என்று சொல்வது ஒரு குடும்பத்தைக் கண்ணைக் கட்டி அனுப்புவது.

எல்லா நாட்டுக்கும் ஒரே பதில் கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது வியட்நாம் பேக்கேஜ் நிறைய விற்கிறீர்கள்: தனாங், நா த்ராங், பூ குவோக். வியட்நாம் 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி தரும் அனுமதியை ஏற்கும் நாடு. நம்முடையது 1949ஆம் ஆண்டினுடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே ஸ்கூட்டர் எடுத்தாலும் உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் கணக்கு. போதாததற்கு அங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். நம் பையன்கள் தாய்லாந்திலும் பாலியிலும் இறங்கிய அன்றே பைக் எடுக்கிறார்கள். சர்வதேச அனுமதியில் பைக்குக்கும் காருக்கும் தனித்தனி வகை. கார் உரிமம் மட்டும் இருப்பவருக்கு அதில் பைக் வகை வராது. இதை யாராவது அவர்களிடம் சொல்கிறீர்களா?

இலங்கையும் அப்படித்தான். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. நம் மக்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. யாழ்ப்பாணம், கசூரினா கடற்கரை, அப்படியே திருகோணமலை, நிலாவெளி என்று காரில் சுற்ற யாருக்குத்தான் ஆசை வராது? அங்கேயும் தமிழ், அங்கேயும் இடப்பக்கம், ஓட்டுவதில் என்ன என்று தோன்றும். ஆனால் இலங்கையில் வெளிநாட்டவர் வண்டி ஓட்ட அந்த நாட்டில் வாங்குகிற அனுமதி தனியாக வேண்டும். நம் சர்வதேச அனுமதியை மட்டும் நீட்டினால் போதாது. 2025 ஆகஸ்டில் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதற்கென்று கவுன்ட்டர் திறந்தார்கள். காங்கேசன்துறையில் இறங்குகிறவருக்குக் கட்டுநாயக்க எங்கே இருக்கிறது! கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் நாகை நண்பர்கள், டிரைவரோடு வண்டி பேசிக் கொடுத்துவிடுங்கள். அதுதான் மரியாதை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். எங்கள் கடையில் அண்டாவுக்கு எழுதுவது போல ஒரு சிட்டை. தமிழில், இரண்டு பக்கம். முன்பணம் வாங்கும் அன்றே கொடுத்து, எதிரில் உட்காரவைத்து அரை மணி நேரம் படித்துக் காட்டுங்கள்.

அதில் முதலில் பணக் கணக்கு வர வேண்டும். டெபாசிட் எவ்வளவு, ரொக்கமா கார்டா? சில இடங்களில் கிரெடிட் கார்டு மட்டும்தான் வாங்குவார்கள், டெபிட் கார்டை வாங்க மாட்டார்கள். கார்டில் பிடித்து வைத்த தொகை திரும்ப நாளாகும், அதுவரை அந்தத் தொகைக்கு கார்டை வேறெதற்கும் தேய்க்க முடியாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துகொண்டு கிளம்பச் சொல்லுங்கள். பிறகு இன்சூரன்ஸ். ‘ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். வண்டிக்குச் சேதம் என்றால் முதலில் ஒரு தொகை வரை எடுத்தவர் கையிலிருந்து போகும், அதற்கு மேல்தான் இன்சூரன்ஸ் வரும் என்பது வாடகை வண்டிகளில் வழக்கம். அந்தத் தொகை எவ்வளவு? டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை இவையெல்லாம் பல ஒப்பந்தங்களில் இன்சூரன்ஸுக்கு வெளியே. உங்கள் ஆள் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எப்படி? ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளுக்கு வாடகை உண்டா? எனக்கு 600 ரிங்கிட் போனது இந்தக் கேள்வியில்தான். ஒப்பந்தத்தில் பெயர் எழுதியவர் மட்டும்தான் ஓட்டலாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் மச்சான் கொஞ்ச நேரம் ஓட்டுவார், தம்பி கொஞ்ச நேரம் ஓட்டுவான். அந்த நேரத்தில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடையாது. லங்காவி 1987 முதல் சுங்கவரி இல்லாத தீவு, மது மலிவு. நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்களிடம், குடித்துவிட்டு ஓட்டினாலும் அதே கதிதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

வண்டியைக் கைமாற்றும் இடம்தான் முக்கியம். உங்களால் முடிந்தால் பகலில் கைமாறுகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். ராத்திரி விமானம் என்றால் அன்று டாக்சியில் ஹோட்டலுக்குப் போகட்டும், காலையில் வண்டி வரட்டும். ஒரு நாள் வாடகையும் மிச்சம். எடுக்கும்போது போனில் ஒரே வீடியோவாக, தேதி சொல்லி, வண்டிக்காரரும் அதில் தெரிகிற மாதிரி நாலு பக்கம், பம்பருக்கு அடியில், சக்கரம் நான்கும், ஸ்டெப்னி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் எடுக்க வேண்டும். பழைய கீறலை அவர் தாளில் குறிக்கச் சொல்லி அந்தத் தாளையும் படம் எடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி ஒன்று. இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். மலேசியாவில் விபத்து ஆனால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும் என்பது சட்டம், அவசர எண் 999. அதையும் சிட்டையில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பாஸ்போர்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அது நம் சொத்துகூட இல்லை, மத்திய அரசின் சொத்து. ஒரு காருக்கு அடமானமாக வைக்கிற பொருள் இல்லை அது. என்னிடம் பாஸ்போர்ட் இருந்திருந்தால் நின்று பேசியிருப்பேன். ஒப்பந்தத்தைக் காட்டு, பில்லைக் காட்டு, போலீஸ் ரிப்போர்ட் போடலாம் வா என்று கேட்டிருப்பேன். கொடுக்க வேண்டியதாகவே இருந்தாலும் நியாயமான தொகையைக் கொடுத்திருப்பேன். அந்தக் காலையில் எனக்கு வாயே எழவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கிற ஆளோடு நீங்கள் தொழில் வைத்துக்கொள்ளாதீர்கள். டெல்டாவில் இத்தனை டிராவல்ஸ் இருக்கிறீர்கள். எல்லோரும் சேர்ந்து ‘நகல் மட்டும்தான்’ என்று சொன்னால் அங்கே இருப்பவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஆள் அனுப்புவது நீங்கள்தானே.

ஓட்டப் போகிறவரிடமும் நாலு கேள்வி கேளுங்கள். ஆட்டோமேட்டிக் ஓட்டியிருக்கிறீர்களா, மலையில் இறங்கியிருக்கிறீர்களா, சின்னப் பிள்ளை இருக்கிறதா, இருக்கை வேண்டுமா? இல்லை என்றால் டிரைவரோடு வண்டி, அல்லது லங்காவி மாதிரி இடத்தில் போனில் கூப்பிடும் கிராப் டாக்சி இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்களுக்குக் கமிஷன் கொஞ்சம் குறையலாம். அவர் அடுத்த வருஷமும் உங்களிடம்தான் வருவார்.

சூழ்நிலை சரியில்லாமல் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் போனை எடுங்கள். வழி இல்லை என்றால் வழி இல்லை என்றாவது சொல்லுங்கள். மூன்றாவது முறை அடித்தபோது என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லங்காவி இருக்கும் கெடாவைத்தான் நம் கல்வெட்டுகள் கடாரம் என்கின்றன. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025 வாக்கில் போன கடாரம். அதற்கு முன்பே, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். வாய்ச்சொல்லாகக் கொடுக்கவில்லை. பெண் யானையை நடக்கவிட்டு எல்லை வளைத்து, கல்லும் கள்ளியும் நட்டு, எந்த வாய்க்கால் எந்த வரப்பு என்று குறித்துச் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். கடாரத்தோடு நம் டெல்டா செய்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் திரும்பி வந்த பிறகு என் பெரியவனின் பள்ளி ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்ட அன்று ராத்திரிதான் எங்கள் கடைச் சிட்டைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கார் சிட்டையை எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்துவிட்டேன். அக்கா மகன் ஈப்போவிலிருந்து போனில் திருத்தங்கள் சொன்னான், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிந்த ஒருவர் அனுமதி பற்றிய பகுதியைப் படித்துப் பார்த்தார். மலேசியாவுக்கு மட்டும்தான் முழுசாக இருக்கிறது; தாய்லாந்து, மொரீஷியஸுக்கு உங்களில் யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவர்கள் சேர்க்க வேண்டும். வேண்டுகிறவர்கள் கடைக்கு வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் கடைப் பெயரைத் தலைப்பில் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம், எனக்குக் காசு எதுவும் வேண்டாம். பங்குனியில் முகூர்த்தம் வந்துவிட்டால் நான் பாதி நாள் லோடு வண்டியோடு வெளியே போய்விடுவேன். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை கடையில் இருப்பேன், வாருங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்தில் ஒரு வாடகைப் பாத்திரக் கடைக்காரர்